கல்லின் மேல் வைத்த தண்ணீர்

மச்சாள்,

இன்று காலையில் குசினிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். பேத்தி உம்முடைய போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் பீங்கான் மூடியும் கம்பி வளையமும் வைத்த அந்தக் கண்ணாடிப் போத்தல். அலுமாரியின் மேல்தட்டில், மா போட்டு வைக்கும் தகரப்பேணிக்குப் பின்னால் வைத்திருந்தேன். எப்படித்தான் கண்டுபிடித்தாளோ.

“சும்மாதானே கிடக்குது அம்மம்மா, நான் வேலைக்குக் கொண்டுபோகட்டே?”

“வையடி அதை!” என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த மலைச் சரிவில் அவளும் நின்றவள்தானே. அன்று கண்டதை இன்றுவரை தன் தாயிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குச் சொல்லிக் காட்டுவது போல இருக்கிறது.

அதனால் அவளுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதும் எழுத்து. நீர் உயிரோடு இருந்தால் பிழை பிடித்துச் சிரிப்பீர்.

என் ஞாபகத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உமக்குத் தெரியும். மகளின் கல்யாணத்தில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது, என்ன நிறச் சேலையோடு போனது என்று இன்றைக்கும் சொல்வேன். லண்டன் பிளேஸ்டோவில் இந்த வீதியில் என்னோடு கோபிக்க யாரும் விரும்புவதில்லை. கோபித்தால் அது சாகும்வரைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் அண்ணை, உம்முடைய மனிசன், ஜேர்மனியில் செத்தபோது என்னுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. இந்த நாட்டை விட்டு வெளியே போக ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். “பொறுங்கோ மச்சாள், கடிதம் வரும்” என்று உமக்குப் போனில் சொன்னேன். நீர் “பாப்பம்” என்றீர். வியாழக்கிழமை எரித்துவிட்டீர். எனக்குக் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள். கூடப் பிறந்தவனின் முகத்தை எனக்குக் காட்டாமல் விட்டீர் என்று போனில் கத்தினேன். “இனிச் சாகுமட்டும் உம்மட கையால ஒரு சொட்டுத் தண்ணி வாய் நனைக்க மாட்டன்” என்று சத்தியம் பண்ணினேன். நீர் மறுபக்கத்தில் மூச்சுவிட்டது கேட்டது. பிறகு நான் போனை வைத்தேன்.

அந்தச் சத்தியத்தைப் பதினெட்டு வருடம் காத்தேன். லண்டனுக்கு நீர் வந்தபோது நீர் தொட்ட கேத்திலைக்கூடக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் கொதிக்க வைத்தேன். சபதம் என்றால் அப்படித்தான் காக்க வேண்டும் என்று இருந்தேன்.

நடக்கப் போவோம் என்ற யோசனை உம்முடையது. பேத்திக்குப் போன் எடுத்து, “உன்ர அம்மம்மாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா பிள்ளை, மோசல் ஆத்தங்கரையால மூண்டு நாள் நடப்பம். இந்த முறை நடக்காட்டிப் பிறகு ஏலாது” என்றீராம். என் முழங்காலைத்தான் நக்கலடிக்கிறீர் என்று நினைத்தேன். அந்த ரோசத்தில்தான் வந்தேன்.

முதல்நாள் கொக்கெம் என்ற ஊரில், மலை உச்சியில் நின்ற கோட்டைக்குக் கீழே எங்களைச் சந்தித்தீர். மெலிந்திருந்தீர். தலையில் ஒரு தொப்பி, தோளில் பை, பையின் பக்கத்தில் இந்தப் போத்தல். எழுபது வயதில் சந்தைத் தெருக் கல்லில் ஆடு போல நடந்தீர். முப்பது வருடம் அந்தச் சரிவுகளில் வைனுக்கு வளர்க்கும் முந்திரிகைக் கொடிகளை வெட்டிக் கட்டிய கால்கள் அல்லவா. நான் என் பிளாஸ்க்கையும் லண்டனில் வெட்டிக் கட்டிய பாண் துண்டுகளையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தேன்.

ஆற்றங்கரையில் மரவாங்கு ஒன்றில் உட்கார்ந்து நீர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தீர். புட்டும் மாசிச் சம்பலும். அந்த வாசம் ஆற்றையே கடந்து போயிருக்கும். நான் பாணைக் கடித்தேன்.

“பாண் நல்ல மெதுவோ மச்சாள்?” என்றீர்.

“கல்லு மாதிரி இருந்தாலும் என்ர பாண்” என்றேன்.

பேத்தி புட்டை ஒரு மூடியில் அள்ளிக் கொண்டுவந்து, “அம்மம்மா, இப்ப இது என்ர கையால தாறது. சாப்பிடலாந்தானே?” என்றாள்.

“அவிச்சது ஆரின்ர கை?”

நீர் வாய்விட்டுச் சிரித்தீர். “விடு பிள்ளை, உன்ர அம்மம்மாவோட கோர்ட்டில வாதாட ஏலாது” என்றீர். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்று சிரித்திருக்கலாம் மச்சாள். சிரிப்புக்குச் சபதம் ஒன்றும் இருக்கவில்லையே.

நடக்க நடக்க இரண்டு பக்கமும் கொடிதான். மலையை நிமிர்த்தி வைத்து வாரிவிட்டது போல வரிசை வரிசையாக உச்சிவரைக்கும். “இவ்வளவு காலமும் இதுக்குள்ள கிடந்திருக்கிறீர், வைன் குடிக்கேல்லையெண்டு எனக்குச் சொல்லப் போறீரோ?” என்று கேட்டேன்.

“ஆர் சொன்னது? ஒவ்வொரு வருசமும் அறுவடை முடிய ஒரு கிளாஸ். உம்மட அண்ணைதான் ஊத்தித் தருவார்.”

அண்ணை என்று நீர் சொன்னதும் நான் நாலு அடி முன்னால் போய்விட்டேன்.

இரண்டாம்நாள் பைல்ஸ்டைன். அந்த ஊர் ஒரு கைப்பிடிதான். கோணல் வீடுகள், இடிந்த கோட்டை, கோயிலுக்கு ஏறும் நீளமான படிக்கட்டு. ஆற்றோரத்து வீட்டுச் சுவர் ஒன்றில், என் தலைக்கும் மேலே, கோடு கோடாக வெட்டி வருடங்கள் எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். ஆறு பெருகி வீட்டுக்குள் வந்த வெள்ளங்கள், எந்த வருடம் எவ்வளவு உயரம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்றீர்.

“பாத்தீரோ, இந்த ஊராக்களும் உம்மைப்போலதான். வந்த வெள்ளம் ஒண்டையும் மறக்கேல்லை.”

“மறக்கக்கூடாதுதானே” என்றேன்.

“ஓம். ஆனால் சேத்தைக் கழுவிப்போட்டு, அதே வீட்டுக்குள்ளதான் இருக்கினம்.”

நான் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உம்முடைய குரல் மாறியது.

“அந்த வியாழக்கிழமை என்ன நடந்ததெண்டு ஒருக்காக் கேளும் மச்சாள். நான் சொல்லுறன்.”

“வேண்டாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது.”

எப்படிச் சொன்னேன்! லண்டனில் இருந்த எனக்கு அங்கே நடந்தது எப்படி ஞாபகம் இருக்கும்? எனக்கு ஞாபகம் இருந்தது என் கோபம் மட்டும்தான். அது பதினெட்டு வருடமாக எனக்குத் தோன்றவில்லை. நீரும் எடுத்துக் காட்டவில்லை. தொப்பியைக் கழற்றி, உதறி, திரும்பப் போட்டுக்கொண்டு, “சரி, படியேறுவம்” என்றீர்.

மூன்றாம்நாளைத்தான் எழுதக் கை வரவில்லை.

எல்லர் ஊரைத் தாண்டிச் சரிவில் ஏறினோம். செப்டெம்பர் மாதம் என்றாலும் வெயில் கொளுத்தியது. அந்த மலை முழுவதும் கறுப்புச் சிலேட்டுக் கல். நான் மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு வந்த சிலேட்டெல்லாம் அங்கே உடைந்து கிடப்பது போல. வெயிலைக் குடித்துவிட்டுக் கால்வழியாகத் திருப்பி மூட்டியது. கீழே ஆறு பாம்பு போல வளைந்து திரும்பியது. அந்த வளைவுக்குள், அக்கரையில், கூரையில்லாத பழைய கன்னியாஸ்திரி மடம் ஒன்று தனியாக நின்றது. அதை எட்டிப் பார்க்கும்போதுதான் என் கையிலிருந்து பிளாஸ்க் நழுவியது. கல்லில் தட்டித் தட்டி, கொடிகளுக்குள் உருண்டு, போய்விட்டது. பேத்தி எடுக்க இறங்கினாள். பாதியில் ஏலாது என்று நின்றுவிட்டாள்.

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சி பறந்தது. ஒரு கல்மதிலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

‘டப்.’

“குடியும் மச்சாள். சபதத்தைப் பிறகு பாப்பம்.”

போத்தலின் வாய் என் முகத்துக்கு முன்னால் இருந்தது. குளிர்ந்த தண்ணீரின் மணம் வந்தது. தண்ணீருக்கு மணம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

“அம்மம்மா, பிளீஸ்!” என்று பேத்தி கீழேயிருந்து அழுகைக் குரலில் கூப்பிட்டாள்.

நீர் போத்தலைக் கல்மதிலின் மேல் வைத்தீர். இரண்டு அடி பின்னுக்குப் போய், கை இரண்டையும் விரித்துக் காட்டினீர். “இந்தா, என்ர கையில இல்லை. கல்லுத்தான் தருகுது. நீரே எடுத்துக் குடியும்.”

அதற்கு மேல் ஒரு மனிசி இறங்கி வருவாளா? நான் எடுக்கவில்லை.

அப்போதுதான் மேல்வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவன் எங்களைக் கண்டுவிட்டு இறங்கி வந்தான். வேர்வை வழியும் முகம், மண் பிடித்த கை. இடுப்பில் கட்டிய தண்ணீர்க் கானிலிருந்து பிளாஸ்டிக் கப் ஒன்றில் தண்ணீர் வார்த்து நீட்டினான். யாரோ, எவனோ. அந்தக் கப்பை இரண்டு கையாலும் பறித்து, நாடியால் ஒழுக ஒழுக, மாடு போல உறிஞ்சிக் குடித்தேன். இன்னொரு கப் கேட்டும் குடித்தேன்.

தலையை நிமிர்த்தியபோது உம்முடைய முகம் தெரிந்தது. எனக்கும் உமக்கும் நடுவில், கல்லின் மேல், திறந்தபடி உம்முடைய போத்தல்.

நீர் கல்யாணப் பெண்ணாக எங்கள் வீட்டு வாசல் படலைக்குள் வந்த அன்று, சனத்துக்கு நடுவில் என் காதுக்குள், “தண்ணி விடாய்க்குது, ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்லை” என்றீர். நான்தான் ஒரு செம்பை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து தந்தேன். அந்த வீட்டில் நீர் வாங்கிக் குடித்த முதல் தண்ணீர் என் கையால்தான். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவளுக்கு அது அந்த மதிலடியில்தான் திரும்பி வந்தது. அதுவும் தண்ணீர் தொண்டையால் இறங்கின பிறகு.

“குடிச்சீரோ? அது போதும்” என்றீர். அவ்வளவுதான். குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பதினெட்டு வருடம் இருந்திருப்பேன். உண்மையான நிம்மதியோடு சொன்னீர். அவனுக்கு ஜேர்மன் பாஷையில் நன்றி சொன்னீர். போத்தலை எடுத்து, தண்ணீர் முழுவதையும் பக்கத்துக் கொடியின் அடியில் ஊற்றினீர். மூடியைச் சத்தம் வராமல் மெல்ல அழுத்தி மூடினீர். பிறகு என் பையையும் எடுத்து உம்முடைய தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தீர்.

ஸ்டேஷனில் நான் “போட்டு வாறன்” என்றேன். நீர் “ஓம், கவனமாய்ப் போட்டு வாரும்” என்றீர். அதுதான் கடைசி. பங்குனி மாதம் உம்முடைய மகள் போன் எடுத்தாள். நடக்கும்போதே உமக்கு மருந்துக்கும் மாறாத வருத்தம் இருந்ததாம். தெரிந்துகொண்டுதான் நடந்தீராம். ‘பிறகு ஏலாது’ என்றது என் முழங்காலைப் பற்றி அல்ல.

இந்த முறை எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை. அடுத்த நாளே வந்துவிட்டேன். அண்ணைக்கு வர முடியாதவள் உமக்கு நேரத்தோடு வந்தேன். மண்டபத்தில் வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாகப் போனார்கள். என் முறை வந்தது. பச்சையரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு உமக்குக் கிட்ட வந்தேன். உம்முடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உம்முடைய கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்காதவள் உம்முடைய வாய்க்கு அரிசி போட்டேன். நீர் உதட்டை இறுக்கவில்லை. தலையாட்டவில்லை. நான் போட்டதை அப்படியே வாங்கிக்கொண்டீர். சனம் நான் அழுததைப் பார்த்து, ‘மச்சாளில என்ன பாசம்’ என்று பேசிக்கொண்டார்கள். அது வெட்கத்தில் அழுத அழுகை என்று பேத்திக்கு மட்டும் தெரியும்.

போத்தலை உம்முடைய மகள் தந்தாள். “அம்மா இதை உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவ, மாமி” என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. அவளிடம் அந்த வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அவள் அப்போது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடப் பையோடு மண்டபத்தில் நின்றது மட்டும்தான் நினைவிருக்கிறதாம். தெரிந்தவர் நீர் ஒருவர்தான்.

இரண்டு மூன்று தரம் அந்தப் போத்தலில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். இறங்கவில்லை. உம்முடைய கையால் மாட்டேன் என்ற சத்தியத்தை உம்முடைய கையால்தான் முறிக்க ஏலும். பிறகு நீர் செய்தது போலவே, பின்வளவில் ரோசாச் செடியின் அடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

பின்னேரம் பேத்தி வேலையால் வந்ததும் போத்தலை அவளிடம் கொடுக்கப் போகிறேன். அவள் உம்மிடம் புட்டு வாங்கிச் சாப்பிட்டவள், கொண்டு திரிய அவளுக்கு உரிமை இருக்கிறது. எனக்கு, பைல்ஸ்டைனில் நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வி போதும்.

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது மச்சாள்? கேட்கிறேன். சொல்லும்.