நல்ல நேரத்தில் ஒரே ஒரு மெயில்

வியட்நாமின் டெட் புத்தாண்டு விடுமுறை முடிந்து இன்று காலை அலுவலகம் திறந்தோம். ஊதுபத்திப் புகையும் முழுதாய்ச் சுட்ட பன்றியின் வாசனையும் என் மேசை வரை வந்துவிட்டன. சுத்த சைவமான நீ இந்த ஒரு நாள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு சர்வர் அறைக்குள் ஓடி ஒளிவாயே, அந்த ஞாபகம் வந்தது. சோதிடர் குறித்துக் கொடுத்த நேரத்தில் ஒரே ஒரு மெயிலை அனுப்பிவிட்டு, மற்ற வாழ்த்துகளை மெதுவாக விட்டார்கள். ஏன் இப்படி என்று இங்கே இப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. திரும்பி உன்னைப் பார்த்துச் சிரிக்கப் போனேன். நீ காரைக்குடியில் கண்மூடிச் சில மாதங்கள் ஆகின்றன என்பது அப்புறம்தான் உறைத்தது.

இந்த வழக்கம் தொடங்கிய அந்த வருடம், சோலோன் பகுதியில் இருந்த நம் மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் காகிதங்கள் என் பாடு, மெயில் சர்வர் உன் பாடு. நிமிடத்துக்கு இத்தனை மெயில்தான் வெளியே போகலாம் என்று நீ ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாய். கூட்டமாகப் போனால் மறுமுனையில் குப்பை மெயில் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பாய். முதலாளி லான் அக்காவுக்கோ, ஊர் உலகத்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் வாழ்த்து நல்ல நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

"சாயங்காலம் வரைக்கும் போகும், அக்கா" என்றாய்.

"வருஷத்து முதல் நாளே முடியாதுன்னு சொல்லுவியா?" என்றார் அவர்.

இந்த ஊரில் அன்றைக்கு அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். நீயும் எடுக்கவில்லை. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டாய். எல்லாம் குபுகுபுவென்று கிளம்பின. கொஞ்ச நேரத்தில் நம் மெயில் எதையும் யாரும் வாங்கவில்லை.

என் மெயிலும் அதில் மாட்டிக்கொண்டது. காரைக்காலில் என் மனைவியும் மகளும் பெட்டி கட்டிக் காத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் கம்பெனி முகவரியிலிருந்து விசா அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டும். தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. கைக்குழந்தையாக விட்டு வந்த பெண்ணை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "தட்டத் தட்ட இன்னும் இறுக்கிச் சாத்துவாய்ங்க. கொஞ்ச நேரம் கம்முனு இருப்போம்டா" என்று சொல்லி, வரிசையில் நின்ற மெயில்கள் அத்தனையையும் நிறுத்திவைத்தாய்.

லான் அக்கா கோபமாக உள்ளே வந்தார். பாதி வாழ்த்து போகவில்லை, நல்ல நேரமும் தீரப் போகிறது. நீ உன் ஓட்டை வியட்நாமிய மொழியில் பரஸ்தானத்தை விளக்கினாய்.

"எங்க ஊர்ல நல்ல நேரத்துல கிளம்ப முடியலைன்னா, ஒரு பையை மட்டும் அந்த நேரத்துல அடுத்த வீட்டுல வச்சிருவோம். பயணம் கிளம்பியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஆற அமரப் போவோம். நம்ம வாழ்த்துல முன்னாடி போனதெல்லாம் பைதான், அக்கா."

"பைக்குள்ள என்ன வைப்பீங்க?" என்று கேட்டார்.

"மாத்துத் துணி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி முதலில் போகப்போவது எது என்று கேட்டார். "இவன் மக வர்றதுக்கான மெயில்" என்றாய். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "அப்ப அதுவே போகட்டும். வாழ்த்தெல்லாம் நாளைக்குப் போனாலும் சரி" என்று சொல்லிவிட்டு விருந்தினரைக் கவனிக்கப் போனார்.

மதியம் முழுக்க நாம் ஒன்றும் அனுப்பவில்லை. அந்தச் சும்மா இருத்தலைப் போல என் வாழ்க்கையில் வேறெதுவும் என்னை வதைத்ததில்லை. வெயில் தாழ்ந்ததும் அந்த ஒன்றை மட்டும் விட்டாய். போயிற்று. கிடைத்தது என்று பதிலும் வந்தது. நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ ஒன்றும் தெரியாதவன்போல ஐஸ் தேநீரை நீட்டினாய்.

அவர்கள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு என்னோடு நீயும் வந்தாய். மகள் பார்த்துப் பழகிய போட்டோவில் என் முகத்திலிருந்த மீசை அப்போது உன் முகத்தில்தான் இருந்தது. என் மகள் நேரே ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைப் பிடுங்கப் போனேன், அவள் வீறிட்டாள்.

"இழுக்காதடா. அவளா வரட்டும்" என்றாய்.

வழியெல்லாம் உன் மடியிலேயே இருந்தாள். நீயும் நானும் எதையெதையோ பேசிக்கொண்டு வந்தோம். அவள் பக்கம் திரும்பாதே என்று எனக்குக் கண்ஜாடை வேறு. வீட்டு மாடிப்படியில் பாதி ஏறும்போது தூக்கம் வந்து, என் பக்கம் சாய்ந்து கையை நீட்டினாள். அவளை என் தோளில் போட்டுவிட்டு, காபி கூடக் குடிக்காமல் நீ கிளம்பிவிட்டாய். அன்று நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவளுக்கு இப்போது ஒரு மகன். என்னைப் பார்த்தால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறான். எல்லோரும் அவனைப் பிடித்து என்னிடம் தள்ளப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையை நீட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். வருவான்.