டின்பாலில் ஊறிய பல்

இன்று பிரிக்பீல்ட்ஸில் டின்பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய ஒரு தே தாரேக் தேநீர் கட்டி வாங்கினேன். பிளாஸ்டிக் பையின் கழுத்தைக் கயிற்றால் சுருக்கிக் கொடுத்தார்கள். காரின் சிக்னல் தண்டில் மாட்டினேன். வண்டி நகர்ந்ததும் பை மெல்ல ஆடியது. டின்பாலின் இனிப்பு வாசனை கார் முழுக்க நிறைந்தது. அந்த வாசனையோடு நீயும் ஏறிக்கொண்டாய். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. ஆனாலும் டின்பால் வாசனை வந்தால் போதும், பின்சீட்டில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிடுகிறாய்.

அன்றும் இதே தெருவில் இப்படி ஒரு பை ஆடியது. அதற்குள் இருந்தது என் மகளின் முன்பல்.

அப்போது அவளுக்கு நாலு வயது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மதியம். மனைவி சேலைக் கடைக்குள். வெளியே நானும் மகளும். "ஏரோப்ளேன்ப்பா" என்றாள். இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கைதட்டல் கேட்டால் போதும், மூளை விடுப்பில் போய்விடும். நாலாவது சுற்றில் பிடி நழுவியது.

கால்வாய் ஓரத்துச் சிமெண்டில் அவள் வாய் மோதியது. ரத்தத்துக்கு நடுவே அரிசி போல் ஒரு பல் கிடந்தது. விழுந்த பல்லை உடனே திருப்பி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். அமுக்கினேன். பல் நிற்கவில்லை. மறுபடியும் அமுக்கினேன். அவள் அலறினாள். அப்புறம் பாலில் போட வேண்டும் என்ற அடுத்த ஞாபகம் வந்தது. பக்கத்துத் தெருவோர ஒட்டுக்கடையில் பால் கேட்டேன். "டின்பால்தான் இருக்கு, அண்ணே" என்றார் கடைக்காரர். அதையே பையில் ஊற்றிக் கட்டச் சொன்னேன். மனைவி ஓடி வந்தபோது, "ஓடினா, விழுந்துட்டா" என்றேன். பொய் எவ்வளவு சுருக்கமாக வந்தது பார்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் தாதி வேலை பார்த்த என் பள்ளித் தோழி நீ. ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தவிர வேறு யார் முகம் எனக்கு ஞாபகம் வரும்? சாலாக் செலாத்தானில் உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய்.

"டேய், பல்லைச் சொத்தையாக்குற சாமானுக்குள்ளயே பல்லை ஊறப் போட்டுக் கொண்டாந்திருக்கியேடா! ரொட்டியும் வாங்கியிருந்தா தொட்டுச் சாப்பிட்டிருக்கலாம்லா!"

அழுதுகொண்டிருந்த மகள்கூட ஒரு நொடி நிறுத்தினாள். அவளை மடியில் சாய்த்து, ஈறைத் துடைத்து, உடைந்த துண்டு ஏதும் உள்ளே இல்லையே என்று பார்த்தாய். நாளைக்கே பல் டாக்டரிடம் காட்டச் சொன்னாய். குழைந்த சோறு, மிருதுவான பிரஷ், பக்கத்துப் பல் கறுத்தால் உடனே தகவல் என்று என் மனைவியிடம் நிதானமாக அடுக்கினாய். என்னை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டாய்.

"எத்தனை தடவை அமுக்குன?"

"ரெண்டு."

"உன் கட்டைவிரலைப் பாத்தா அப்படித் தெரியல."

"மூணு." ஏரோப்ளேனையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

"பால் பல்லைத் திருப்பி வைக்கக் கூடாதுடா. அதுக்குப் பின்னால பெரிய பல்லு தூங்கிட்டிருக்கு. நீ அமுக்குனது அதுக்குப் பட்டுச்சா இல்லையான்னு அது எந்திரிச்சு வந்தாத்தான் தெரியும். உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

மூன்று வருஷம் அது தூங்கியது. தூங்காதவன் நான். ஈறுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பிராணி சுருண்டு படுத்திருப்பதாகவும், நான் கட்டைவிரலோடு அதைச் சுற்றி நடப்பதாகவும் கனவு வரும். உனக்குப் போன் செய்வேன். "வரும்டா" என்பாய், என்னவோ ரயிலைச் சொல்வதுபோல். ஏழு வயதில் வந்தது. நேராக, முழுசாக, நுனியில் மட்டும் பாலைத் தொட்டு வைத்தாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. "உன் கட்டைவிரல் கையெழுத்து" என்று என் காதில் சொன்னாய்.

அந்தப் புள்ளிக்காகத்தான் இன்று பல் டாக்டரிடம் போனோம். மகளுக்கு இப்போது இருபத்திரண்டு. "சின்ன வயசுல அடிபட்டுச்சா?" என்று டாக்டர் கேட்டார். நான் கூரையில் காற்றாடியைப் பார்த்தேன். அங்கே காற்றாடியே இல்லை.

திரும்பும் வழியில், மகள் பக்கத்தில் இருக்க, காரில் பை ஆடிக்கொண்டிருந்தபோதுதான் வாய் திறந்தேன். ஏரோப்ளேன், கைதட்டல், கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தெரியும்ப்பா. நான் பதினாலு வயசுல ரெண்டாம் படிவம் படிக்கிறப்பவே ஆன்டி சொல்லிட்டாங்க. 'உங்கப்பன் ஊர்க்கதை எல்லாம் சொல்லுவான், இதை மட்டும் சொல்லமாட்டான். அவனா சொல்ற வரைக்கும் கேக்காதே'ன்னாங்க."

துரோகி! அடுப்படியில் நீ கொடுத்த வாக்கு என் மனைவி வரைக்கும்தான் என்பது இப்போதுதான் புரிகிறது.

"அம்மாகிட்ட?" என்றேன்.

"அதை நீங்களே சொல்லுங்க." சிரித்தாள். புள்ளி தெரிந்தது. அப்படியே உன் குரல்.

வியாழக்கிழமை டாக்டர் சரிசெய்ததும் அந்தப் புள்ளி மறைந்துவிடும். அன்று விழுந்த பால் பல் என் பணப்பையில்தான் இருக்கிறது, நீ கழுவிப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தபடி. இந்தத் தே தாரேக் என் மனைவிக்கு. சூடு ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்து அவளிடமும் சொல்லிவிட வேண்டும். நீ பின்சீட்டிலேயே இரு, இறங்கிவிடாதே.