முதல் மரத்துக்காரிக்கு வந்த விருது

லோ கீ தா,
மே 19

அன்பு மகள் மூனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி, எருமைகள் இரண்டும், போன மாதம் குட்டி போட்ட கறுப்புப் பன்றியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கொரியாவில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைத்தான் சொன்னேன், மனசைப் பற்றிக் கேட்காதே, பத்து நாளாக எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. போனில் சொல்லலாமென்றால் சிக்னலுக்காகப் பள்ளிக்கூட மேட்டில் ஏறி நிற்க வேண்டும், மூச்சு வாங்கி முதல் வார்த்தை பேசுவதற்குள் நீ ‘சரிப்பா, பஸ் வந்துடுச்சு, தோட்டத்துக்குக் கிளம்பணும்’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் வைத்துவிடாதே, முழுசாகப் படி.

விஷயம் இதுதான். நம் ஊர்க் காட்டைக் காப்பாற்றியதற்காக மாகாண அலுவலகம் உனக்கு விருது கொடுக்கிறது. ஆமாம், உனக்குத்தான். ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத உனக்கு, இங்கே இருந்த காலத்திலும் சருகு கூட்டக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட உனக்கு. கனமான அட்டையில் பூப்போட்ட ஓரம் வைத்து உன் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நீ சிரிப்பாய், தெரியும். உன் தம்பி அதைப் படித்துவிட்டு வயலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டு வரப்பை உடைத்துக்கொண்டு ஓடியது. வரப்பைத் திரும்பப் போட்டவன் நான்.

எப்படி வந்தது இந்த வினை என்று கேள். பிப்ரவரியில் ஒரு படிவம் வந்தது, உங்கள் ஊரில் காட்டைக் காத்தவர் யார், அவர் பெயரை எழுதுங்கள் என்று. கூட்டம் போட்டோம். நம் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பன்றிக்கறியில் பெரிய துண்டு எனக்கு என்று சண்டைக்கு வருவார்கள், பெயர் போடலாமா என்றால் மட்டும் ஆளுக்கு ஆள் ‘ஐயோ நான் என்ன செஞ்சேன், அவர் பேரை எழுதுங்க’ என்று தள்ளிவிடுவார்கள். ஒரு ஜாடி அரிசிச் சாராயம் தீர்ந்ததே தவிர ஒரு பெயர் தேறவில்லை. கடைசியில் ஊர்த்தலைவர் தீ பூ ஒரு தீர்ப்புச் சொன்னார். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை மூங்கில் குழாயில் வைத்து அப்பன் கொண்டுபோய் ஒரு மரத்தில் கட்டுகிறான், அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கும்வரை அந்த மரத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை, அதனால்தானே காடு நிற்கிறது, அப்படியானால் கொடி கட்டியிருக்கிற அத்தனை பேரும் காத்தவர்கள்தான், அத்தனை பேரையும் எழுது என்றார். எல்லாரும் தலையாட்டினோம். எழுத்து நன்றாக இருக்கிறது என்று என் தலையில் கட்டினார்கள். நானும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்று நாள் காட்டுக்குள் நடந்து, மரம் மரமாகப் பார்த்து, இருநூற்றுப் பதினாலு பெயர் எழுதினேன். ஓடையைத் தாண்டியதும் முதலில் நிற்பது உன் தான்றி மரம். முதல் பெயர் நீ. அவ்வளவுதான் நடந்தது, அலுவலகத்தில் முதல் பெயரை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

இதில் உன் அம்மாவின் வாயை வேறு நான் தாங்க வேண்டியிருக்கிறது. நீ பிறந்த அன்று கொட்டுகிற மழை. நல்ல மரமாகப் பார்த்து உள்ளே போய்க் கட்ட வேண்டியவன், ஓடை பெருகிவிடுமே என்று பயந்து முதல் மரத்திலேயே கட்டிவிட்டு ஓடிவந்தேன். முப்பத்தோரு வருஷமாக இதைச் சொல்லிக் காட்டுகிறாள். இப்போது புதுசாக ஒன்று சேர்ந்துவிட்டது. ‘வாசல்லயே கட்டிட்டு வந்த மனுஷன், அதான் பொண்ணு வாசலத் தாண்டிப் போயிட்டா, இப்ப விருதும் அவளத் தேடிப் போகுது, இனிமே நீயும் கிளம்பிப் போ’ என்கிறாள். ஊரில் கேட்கவே வேண்டாம். கோ சே என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடு போடுகிறான், ‘என்ன மூனா அப்பா, உங்க பொண்ணு கொரியாவுல இருந்தே ஊதி நம்ம காட்டுத் தீய அணைச்சுட்டாளாமே’ என்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் பேசாமல் போய்விடுகிறேன், அதாவது நாலு தடவை பேசாமல் போனேன், ஐந்தாவது தடவை பேசிவிட்டேன், இப்போது அவனும் நானும் பேச்சுவார்த்தை இல்லை.

சரி, தப்பைத் திருத்திவிடலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இறங்கி அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரிப் பிள்ளைக்கு உன் வயசுதான் இருக்கும். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டான், அதனால் திட்டவும் முடியவில்லை. ‘ஐயா, ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு, நீங்க ஊரையே எழுதி அனுப்பினா நாங்க என்ன பண்றது’ என்றான். பெயரை மாற்று என்றேன். யார் பெயர் என்றான். அப்போதுதான், மகளே, கொஞ்சமும் யோசிக்காமல் என் வாயில் வந்த பெயர் நோ பலே. கூட்டத்தில் எங்கள் யார் வாயிலும் வராத பெயர், அங்கே அந்த மேசைக்கு முன்னால் தானாக வந்தது. அவன் உடனே கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான். அடையாள அட்டை எண் கேட்டான். அவளுக்கு ஏது அட்டை? ஒன்பது வயசில் அக்கரை நாட்டுச் சண்டைக்குப் பயந்து அம்மாவோடு எல்லையில் ஓடும் சால்வீன் ஆற்றைத் தாண்டி வந்தவள், இருபத்து நாலு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அட்டை இல்லாதவர்களுக்கு விருது கொடுக்க விதி இல்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அட்டை இருந்ததால் நீ பாஸ்போர்ட் எடுத்துப் போய்விட்டாய், அட்டை இல்லாததால் அவள் இங்கேயே கிடந்து காட்டைப் பார்த்தாள், விருது மட்டும் அட்டை வைத்திருக்கிறவளுக்கா என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். டீ கொட்டிவிட்டது. அவன் துடைத்துக்கொண்டே என் பட்டியலை எடுத்துப் புரட்டினான், கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தான், பிறகு மெதுவாக, ‘ஐயா, கோவிச்சுக்காதீங்க, நீங்க எழுதின இருநூத்திப் பதினாலு பேர்ல அவங்க பேரு எங்கயும் இல்லையே’ என்றான்.

இல்லைதான். அவள் கொடி நம் காட்டில் இல்லை, அதனால் நான் எழுதவில்லை. செத்துப்போனவர்கள் பெயரைக்கூட இரண்டு எழுதியிருக்கிறேன், போன வருஷம் பிறந்த தீ பூவின் பேத்தியை எழுதியிருக்கிறேன். ஜனவரி முடிந்தால் விடியற்காலையில் வீடு வீடாகக் கதவைத் தட்டி நம்மை எழுப்பி, காட்டைச் சுற்றி எட்டடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி, தீ தாண்டாதபடி தீக்கோடு போட வைப்பவள் யார்? வராதவன் வீட்டு வாசலில் சருகைக் கொட்டிவிட்டுப் போகிறவள் யார்? அவளை ஒருத்தரும் நினைக்கவில்லை. அரசாங்கம் அட்டை இல்லை என்று தள்ளியது, நாம் கொடி இல்லை என்று தள்ளினோம், இதில் நான் மேசையைத் தட்டினேன் பார், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன், வெட்கம் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவில்லை, பயந்துவிடுவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள். மார்ச் மாதம் சோளக்காட்டுப் பக்கமிருந்து தீ ஏறி வந்தது. ஆண்கள் எல்லாரும் மேல் முகட்டில் நின்றோம், அங்கேதான் வரும் என்று நான்தான் பெரிய மேதாவி போலச் சொன்னேன். காற்று திரும்பி ஓடைப்பக்கம் அடித்துவிட்டது. அங்கே அவள் ஒருத்தி. ஈரச் சாக்கும் மூங்கில் துடைப்பமும் வைத்துக்கொண்டு அடித்து அடித்து அணைத்திருக்கிறாள். நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது உன் தான்றியில் ஒரு பக்கம் இடுப்பு உயரத்துக்குப் பட்டை கருகியிருந்தது, அதற்கு உள்ளே ஒரு மரத்தையும் தீ தொடவில்லை. ரப்பர் செருப்பு உருகி அவள் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பன்னிரண்டு நாள் சுகாதார நிலையத்தில் கிடந்தாள். உன் மரம் பிழைத்துவிட்டது, இந்த மழைக்குத் துளிர் விட்டிருக்கிறது, அதனால் பயப்படாதே.

அலுவலகத்திலிருந்து வந்து நேராக அவள் வீட்டுக்குத்தான் போனேன். பட்டியலில் அவள் பெயரை விட்டுவிட்டேன், நான்தான் எழுதினவன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவள் துடைப்பத்துக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ‘அட விடுங்க மூனா அப்பா. எங்கப்பா எனக்குக் கட்டின மரம் இருந்த மலையையே சண்டையில எரிச்சுட்டாங்க. இங்க கொடி கட்டினவங்கள்ல பாதிப்பேரு ஊரை விட்டுப் போயாச்சு, கட்டாதவ நான்தான் போக இடமில்லாம நிக்கிறேன். மரத்துக்கு இதெல்லாம் தெரியவா போகுது’ என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இனிமேல் கேள், நான் எழுத வந்தது இதுதான். ஜூன் பன்னிரண்டாம் தேதி விழா. பெயர் உள்ளவர் நேரில் வந்து வாங்க வேண்டும், வராவிட்டால் ஊரையே இந்த வருஷ விருதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். தீ பூவுக்கு ஒரு யோசனை, உன் சித்தி மகளுக்கும் உன் சாடைதானே, முகக்கவசம் போட்டு மேடை ஏற்றிவிடலாமாம். நான் போட்ட சத்தத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. ஏற்கெனவே பொய்யாக வந்த விருது, அதற்கு இன்னொரு பொய்யா? விருது வாங்குகிறவர் மேடையில் இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். பேசுவதை அலுவலகத்தில் எழுதி வைப்பார்களாம். பள்ளிக்கூட ஆசிரியரிடம் கேட்டேன், நோ பலே இத்தனை வருஷமாக இங்கே இருந்து இந்த வேலை செய்தாள் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டால் அதை அவள் அட்டை மனுவோடு வைக்கலாம், கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இதுவரை அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்றார். அந்த இரண்டு நிமிஷம் இப்போது உன்னிடம் இருக்கிறது. அதை நான் கேட்டால் தர மாட்டார்கள், ஊர்த்தலைவர் கேட்டாலும் தர மாட்டார்கள்.

வா. உன் முதலாளியிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், எனக்கு ரத்த அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது, அது பொய்யாகாது. மேடையில் ஏறி, நான் ஒன்றும் செய்யவில்லை, செய்தவள் அதோ கீழே நிற்கிறாள், பெயர் நோ பலே என்று மைக்கில் தெளிவாக, இரண்டு தடவை சொல். அழாதே, அழுதால் எழுதுகிறவனுக்குப் பெயர் சரியாகக் கேட்காது. அதற்குப் பிறகு நீ உடனே திரும்பிப் போனாலும் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அம்மா சொல்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாக்கெட் நூடுல்ஸைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. செடி வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் குனிந்தே வேலை செய்கிறாயாம், நடுநடுவே நிமிர்ந்து நில். ஓர் உடம்புக்கு முப்பத்தேழு உயிர் என்பார்களே நம் பெரியவர்கள், உன் முப்பத்தேழு உயிர்களும் வழியில் எங்கும் தங்கிவிடாமல் உன்னோடேயே இருக்கட்டும், நீ வந்ததும் அவை விலகிப் போகாதபடி அம்மா கோழி அடித்து உன் மணிக்கட்டில் நூல் கட்டிவிடுவாள்.

ஒன்று மறந்துவிடாதே. அங்கே தீயணைக்கிறவர்கள் போடுகிற கனமான பூட்ஸ் கிடைக்குமாமே, நோ பலேவுக்கு ஒரு ஜோடி வாங்கி வா. அவளுக்கு அளவு தெரியாது, இதுவரை கடையில் அளவு பார்த்து எதுவும் வாங்கியதில்லையாம். அதனால் அவளைத் தாளின்மேல் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ‘பேரை எழுத மறந்த மனுஷன் காலையாவது எழுதுறாரே’ என்று கேலி செய்தாள். வலது பாதத்தில் விரல்கள் இருக்கிற இடத்தில் கோடு ஒரே வளைவாக இருக்கும். நான் சரியாக வரையவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, தீக்குப் பிறகு அந்தக் கால் அப்படித்தான் இருக்கிறது.

உன் அப்பா,
தா யே