யானையால் வந்த காய்ச்சல்

அக்டோபர் 8, புதன்

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் சும்மா இருக்க விட மாட்டார்கள். புதன்கிழமைதோறும் பக்கத்துக் கலைக் கல்லூரியில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை சொல்ல என்னையும் தமிழ்மாறனையும் போட்டிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு வக்கீல் ஜெபராஜ் சார். எங்களுக்குக் கொடுத்திருக்கும் அறை விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கிற அறை. ஈட்டிக்கும் கிழிந்த வலைக்கும் நடுவில் உட்கார்ந்து நீதி வழங்குகிறோம்.

இன்று முதலில் வந்தவன் ஒரு பி.காம் பையன். காதலித்த பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்த ஹெட்போனைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் விடணுமாம். "அதை மாட்டிக்கிட்டுத்தான்க்கா இப்ப இன்னொருத்தன்கூடப் பேசுறா." குடுத்தது குடுத்ததுதான் தம்பி, போ என்று அனுப்பினேன். அடுத்து, கடமலைக்குண்டுப் பையன் ஒருவன் தன் பெரியப்பாவைக் கூட்டி வந்திருந்தான். அவருக்குக் கிணற்றுப் பங்கில் தகராறு. மாணவர்களுக்கு மட்டும்தான் என்றால், "இலவசம்னு இம்மாம் பெருசா எழுதிப்புட்டு மத்ததைப் பொடிசா எழுதுனா எப்படி ஆத்தா?" என்று எனக்கே சட்டம் பேசினார்.

மூன்றாவதாக வந்தவள் ஜோதிகா. தாவரவியல், இரண்டாம் ஆண்டு. மேகமலைக்குப் போகிற வழியில் ஒரு எஸ்டேட் லைன் வீடு. விடுதியில் இடம் கிடைக்காமல் தினமும் காலை பஸ்ஸில் இறங்கி வருகிறாள். வருகைப்பதிவு குறைகிறதென்று அவள் ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் பரீட்சை.

"எதுக்கு இவ்வளவு லீவு?" என்றேன்.

"யானைக்கா."

கிண்டல் பண்ணுகிறாளோ என்று முறைத்தேன். நிஜமாகத்தான். யானை ரோட்டில் நின்றால் பஸ் நிற்கும். அது நகருகிறவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. "லேட்டாப் போனா வெளிய நிப்பாட்டுவாக. அதுக்கு லீவாவே போட்டுரலாம்னு..."

நான் எழுந்து நின்றேவிட்டேன். இதல்லவா கேஸ்! அரசியல் சாசனம் வரைக்கும் மனசுக்குள் ஓடிவிட்டது. கவலையேபடாத, ஜெயிச்சாச்சு என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஜெபராஜ் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "லீவு லெட்டர்ல என்ன காரணம் எழுதியிருக்கான்னு பாத்தியாம்மா?" என்றார்.

பார்க்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 9, வியாழன்

பார்த்தேன். காய்ச்சல். காய்ச்சல். காய்ச்சல். ஒன்றில்கூட யானை இல்லை. எல்லாம் "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்".

"ஏண்டி, யானைன்னு எழுதித் தொலைய வேண்டியதுதானே?"

"லீவு லெட்டர்னா காய்ச்சல்னுதானேக்கா எழுதணும்? ஆறாப்பு டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக."

திட்ட வாயெடுத்து மூடிக்கொண்டேன். நான் மட்டும் என்ன எழுதினேனாம்? அண்ணன் நிக்காஹ்வுக்குக் காய்ச்சல். சுருளி அருவிக்குப் போனதற்குக் காய்ச்சல். இந்த ஊரில் லீவுக்கு வேறு காரணமே கிடையாது.

இப்போது சிக்கல் இதுதான். காய்ச்சல் என்றால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். காய்ச்சல் வரவேயில்லை, சான்றிதழுக்கு எங்கே போவது? யானை என்றால் நம்ப மாட்டார்கள், அவள் கைப்பட எழுதிக் கொடுத்ததே வேறு. அய்யோ, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேனே!

அக்டோபர் 12, ஞாயிறு

ஜோதிகாவின் அப்பா பிச்சைமணி சாமான் வாங்கச் சின்னமனூர் வந்திருந்தார். போய்ப் பார்த்தேன். மகள் சொல்வதை அவரே நம்பவில்லை.

"யானை யானைங்குறா. நாங்க பாக்காத யானையா பாப்பா? ஒதுங்கி வேற பக்கமா வேலைக்குப் போயிட்டுத்தானே இருக்கோம்? இவ கிளாசைக் கட்டடிச்சுட்டு யானை மேல பழியைப் போடுறா."

ஒரு பேச்சுக்குக்கூட இறங்கி வரவில்லை மனுஷன். இந்தப் பரீட்சை எழுத விடாவிட்டால் படிப்பு அவ்வளவுதானாம். எல்லை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கும் சித்தி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். "கார்த்திகை பொறந்ததும் அனுப்பிருவேன்" என்றார். ஜோதிகா அரிசிப் பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 15, புதன்

ஜோதிகாவையும் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகம் போனோம். யானை நின்றதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்றேன்.

"யாரையாச்சும் மிதிச்சுச்சா?"

"இல்ல சார்."

"வாழை, தென்னை எதையும் சாச்சுச்சா?"

"இல்ல சார். ரோட்டுல நின்னுச்சு."

"நின்னதுக்கெல்லாம் சான்றிதழ் கிடையாதும்மா. அது காடு. அது நிக்கத்தான் செய்யும்."

அவர் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

திரும்பும்போது தமிழ்மாறன் மெதுவாக ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் மஞ்சள் காமாலை என்று எழுதித் தருவாராம். போன வருஷம் அவன் விடுதியில் பாதிப் பேருக்குக் காமாலையாம். எனக்குச் சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். ஜோதிகாதான், "வேணாம்க்கா, ஏற்கெனவே நெறையாக் காய்ச்சல் எழுதிட்டேன்" என்றாள். விஷயம் எப்படியோ ஜெபராஜ் சார் காதுக்குப் போய், "நீ வக்கீலுக்குப் படிக்கிறியா, நாடகத்துக்குப் படிக்கிறியா?" என்று வறுத்து எடுத்துவிட்டார். யோசனை சொன்னவன் தமிழ்மாறன், திட்டு வாங்கினது நான். நல்லா இருக்கு.

அக்டோபர் 18, சனி

ஜோதிகாவின் ஹால் டிக்கெட் பற்றி வெள்ளிக்கிழமை கலைக் கல்லூரி முதல்வர் முன்னால் விசாரணை. "கூட வா, வாயை மட்டும் திறக்காதே" என்கிறார் சார். சரி என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வாயைத் திறந்துவிட்டேன்.

முதல்வர் அறை. நடுவில் முதல்வர், பக்கத்தில் தாவரவியல் துறைத் தலைவி கஸ்தூரியம்மாள். அந்த அம்மா நடந்து வந்தால் மரத்துக் காக்காகூடக் கத்தாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒவ்வொரு லெட்டராக எடுத்து உரக்கப் படித்தார். காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். கடைசியில் ஜோதிகாவை நிமிர்ந்து பார்த்து, "இத்தனை காய்ச்சல் வந்தும் நீ எப்படி உசுரோட இருக்க?" என்றார்.

"காய்ச்சலே வரலை மேடம். யானைதான் வந்துச்சு."

"அப்ப நீ எழுதுனது பூராம் பொய்யி."

ஜோதிகா தலையைக் குனிந்துகொண்டாள். முதல்வர் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்டால் அவள் நேரே ஏலத்தோட்டம்தான். ஜெபராஜ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். அதற்குள் என் வாய்—

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்க இருக்கிறவுக யாராச்சும் உண்மையான காரணத்தை எழுதி லீவு போட்டிருக்கீகளா?"

சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் செத்தேன் என்று நினைத்தேன். கஸ்தூரியம்மாள் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக முதல்வர் பக்கம் திரும்பினார்.

"போன ஆவணியில என் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு நான் என்ன எழுதிக் குடுத்தேன் சார்?"

"காய்ச்சல்னு..."

"நீங்களும் வந்து பந்தியில உக்காந்திருந்தீக. நீங்க என்ன எழுதுனீக?"

முதல்வர் தண்ணீர் குடித்தார். முழு டம்ளரும்.

ஆனால் அந்த அம்மா அதோடு விடவில்லை. ஜோதிகாவிடம் கடுமையாகவே கேட்டார். "சரி, யானை நிக்கிது. பஸ்ஸும் நிக்கிது. அம்புட்டு நேரம் உள்ள என்ன பண்ணுவ?"

படிப்பேன்னு சொல்லு, படிப்பேன்னு சொல்லு என்று நான் மனசுக்குள் கத்துகிறேன். ஜோதிகா கொஞ்சம் யோசித்தாள்.

"தூங்குவேன் மேடம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கஸ்தூரியம்மாள் லெட்டர்களை அடுக்கி ஓரமாக வைத்தார். "பொய் சொல்ற பிள்ளையா இருந்தா படிச்சேன்னு சொல்லியிருக்கும். எழுத விடுங்க சார்."

எழுதலாம்! முதல்வர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பரீட்சை நாளில் தாமதமாக வந்தால் யானை, பூனை என்று எந்தக் கதையும் கேட்க மாட்டார்களாம்.

வெளியே வந்ததும் ஜெபராஜ் சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். தமிழ்மாறனுக்கு வாங்கவில்லை. அதில் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

அக்டோபர் 25, சனி

சந்தோஷம் ஒரு நாள்தான். பரீட்சை காலை பத்து மணிக்கு. பஸ்ஸோ யானை மனசு வைத்தால்தான் வரும். விடிய விடிய யோசித்துவிட்டு, முதல் நாளே ஜோதிகா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பிள்ளைக்கு ஆட்டுக்கறி ஒத்துக்குமா?" என்றாள் அம்மா. அவ்வளவுதான் எங்கள் வீட்டு விசாரணை.

பிச்சைமணிதான் ஒத்துக்கொள்ளவில்லை. வயசுப் பிள்ளையை அடுத்தவுக வீட்டில் விடுவதா என்று போனிலேயே குதித்தார். எனக்கும் கோபம் வந்து, "அப்ப யானைகிட்ட நீங்களே பேசிக்கங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு பயமாக இருந்தது. கேஸை ஜெயித்து, நானே கெடுத்துவிட்டேனோ?

நவம்பர் 2, ஞாயிறு

சாயங்காலம் வாசலில் பிச்சைமணி நிற்கிறார்! பின்னால் பையோடு ஜோதிகா. அத்தா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். டீ குடித்தார். கிளம்பும்போது, "மொதப் பரீட்சைக்கு மட்டுந்தான். நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஏத்தி விட்டுரணும்" என்றார். ஏலத்தோட்டப் பேச்சையும் ஒருமுறை ஞாபகப்படுத்திவிட்டுத்தான் போனார். பரீட்சை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கார்த்திகையில் அனுப்புகிற எண்ணத்தில்தான் இருக்கிறார் போலிருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

ஒன்பதரைக்கே ஜோதிகாவைப் பரீட்சை அறையில் விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்குப் போன். பிச்சைமணி.

"பாப்பா, புள்ள உள்ள போயிருச்சா?"

"போயிட்டாண்ணே. எழுதிக்கிட்டு இருக்கா. நீங்க எங்க இருக்கீக?"

"பஸ்லதான். அவ எழுதுறாளா, இல்லை சும்மா சுத்துறாளான்னு பாத்துரலாம்னு காலைல ஏறுனேன்." பின்னால் யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம் கேட்டது. "ஏழு மணியிலருந்து முன்னாடி நிக்கிது. எறங்கி நடக்கவும் விட மாட்டேங்குறாக. இன்னும் நகரலை."

நன்றாக வேண்டும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, சத்தியமாக.

"இத்தனை நாளும் எம்மக இப்படித்தான் உக்காந்திருந்துச்சாக்கும்" என்றார்.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பரீட்சை எல்லாம் முடிகிறவரை அவள் அங்கனயே இருக்கட்டும், உங்க அம்மாகிட்ட நான் கேட்டதாகச் சொல்லு என்றார். சித்திக்கு அவரே போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவாராம்.