உண்டியலில் போட்டதைச் சொல்லக்கூடாது

5-7-1996, வெள்ளி

இன்று கடையில் போணி சீக்கிரமே ஆகிவிட்டதாம். வழக்கம்போல இவர் முதல் வியாபாரத்தில் வந்த காசில் ஒரு நாணயத்தைக் கண்ணில் ஒற்றி எடுத்துவந்து கீர்த்தி கையில் கொடுத்தார். அவள் அதை மண் உண்டியலில் போட்டாள். பத்து வயதுப் பெண்ணுக்கு இதன்மேல் இருக்கிற பக்தி கபாலி கோயில் உண்டியல்மேல்கூட இல்லை. அவள் அப்பா போட்ட சட்டம் இரண்டு. நிறையும்வரை உடைக்கக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லக்கூடாது, என்னிடம்கூட. "சொன்னா சேராது, ஏட்டி" என்கிறார். திருநெல்வேலிக்காரர் தி.நகரில் துணிக்கடை வைத்தால் பிள்ளைக்கு முதல் பாடம் இதுதான் போலிருக்கிறது.

எனக்குக் கவலை வேறு. சர்க்கரை மாத்திரையை அடிக்கடி 'மறந்து' விடுகிறார். நாளையிலிருந்து நானே கையில் கொடுக்கப்போகிறேன்.

21-7

கீர்த்தி வாரப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தாள். இஞ்சியிலிருந்து பிரித்தெடுத்த ஏதோ சத்தை எலிகளுக்குக் கொடுத்தார்களாம், ரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாம். மனிதர்களுக்கு எப்படி என்று இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம். இவர் சிரித்தார். "அப்போ நம்ம வீட்டு எலிக்கு வியாதியே வராது. இஞ்சியத்தான தின்னுட்டுப் போகுது."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டாள்.

18-8

இவர் பிறந்தநாள். கீர்த்தி எனக்கும் தெரியாமல் உண்டியலை உடைத்திருக்கிறாள். கடையில் வேலை பார்க்கும் கரீமுல்லாவைக் கூட்டிக்கொண்டு போய், மயிலாப்பூர் நாட்டு மருந்துக்கடையில் இஞ்சிச் சத்து கேப்ஸ்யூல் டப்பா டப்பாவாக வாங்கி வந்துவிட்டாள்.

நிறையாமல் உடைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. சாயங்காலமே மாட வீதிக்குப் போய்ப் புது உண்டியல் வாங்கினார். "இனிமே நானும் இதுல போடுவேன்" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

20-8

மந்தைவெளி டாக்டர் சுவாமிநாதனிடம் டப்பாவைக் காட்டினோம். "ஆராய்ச்சி நடந்துண்டிருக்கு, இல்லேங்கலை. இதையும் சாப்பிடுங்கோ. ஆனா இதை நம்பி என் மாத்திரையை நிறுத்திடாதேங்கோ."

இவர் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

12-10

தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டது. காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போவேன். திரும்பி வருவதற்குள் உண்டியலில் ஏதோ விழுகிற சத்தம். அப்பாவும் பெண்ணும் அதன் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று சில நாள் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். சட்டை தோளில் நிற்கவில்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், "தீபாவளி முடியட்டும் வடிவு." வேறு பேச்சே இல்லை. மாத்திரைதான் தவறாமல் போகிறதே என்று நானும் சும்மா இருக்கிறேன்.

3-11

எங்கள் கடையில் பாய் விரித்துத்தான் வியாபாரம். யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். சட்டைத் துணியில் குத்தியிருக்கும் குண்டூசி கீழே விழும், காலில் ஏறும், 'ஸ்ஸ்' என்று பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர் காலில் ஏறியது இவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க அதோடு நடந்திருக்கிறார்.

கரீமுல்லாதான் வீட்டில் கொண்டுவந்து விட்டான். "அண்ணி, அண்ணன் கால் வெச்ச எடமெல்லாம் ரத்தமா கீது. அவுருக்குத் தெரியவேயில்ல."

16-11

ஆஸ்பத்திரி. பாதம் கறுத்துவிட்டது. சர்க்கரை எங்கேயோ நிற்கிறது.

"மாத்திரையை நிறுத்திட்டாரா?" என்று அங்கே டாக்டர் கேட்டார். தினமும் நான்தான் கையில் கொடுக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

பாதத்தை எடுக்க வேண்டுமாம்.

22-11

எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

27-11

போயிட்டாக.

8-1-1997

ஸ்கூல் ஃபீஸ் கட்டவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீர்த்தி உண்டியலைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். "நெறஞ்சிடுச்சும்மா. உடைக்கலாம்."

துணியை விரித்து உடைத்தேன். காசுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக மாத்திரை. சிலது முழுசு, மற்றதெல்லாம் காசோடு உரசிப் பொடி. நான் கையில் கொடுத்த மாத்திரை.

"ஒனக்குத் தெரியுமாட்டி?"

"அப்பா போடுவாங்கம்மா. நீ வாங்கிக் குடுத்த இஞ்சி கேப்ஸ்யூலே எனக்குப் போதும், இத சேத்து வெப்போம், பின்னால தேவைப்பட்டா எடுத்துக்கலாம்னாங்க. உண்டியல்ல இருக்கறத சொல்லக்கூடாதுல்ல?"

பெருமையாத்தான் சொன்னா. சொல்லிட்டு என் முகத்தப் பாத்தா. அவ முகம் அப்படியே மாறிட்டு.

நான் ஏன் அப்போ முகத்தத் திருப்பிக்கல?

9-1

என்ன மனுசன் நீங்க? பிள்ள மேல பாசம்னா ரெண்டையும் முழுங்கிருக்கக் கூடாதா? அவ மருந்துலதான் குணமாச்சுன்னு அவகிட்ட காட்டணும் — அதான? இப்போ நான் அவகிட்ட எதக் காட்ட?

11-1

கீர்த்தி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தலை பின்னும்போது, முகம் காட்டாமல் கேட்டாள். "நான் வாங்கினதாலயாம்மா?"

"இல்ல. அத சாப்பிடலாம்னு டாக்டரே சொன்னாருல்ல? அப்பாதான் மத்தத நிறுத்திட்டாங்க. அது பெரியவங்க செஞ்ச தப்பு."

"நான் உன்கிட்ட சொல்லியிருந்தா?"

பின்னலை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன்.

14-3, வெள்ளி

கல்லாவில் இப்போது நான். எல்லோரும் செருப்போடுதான் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கரீமுல்லாவுக்கு இன்னும் கூச்சம் போகவில்லை.

போணிக் காசைக் கண்ணில் ஒற்றி எடுத்து வருகிறேன். சின்னதாக ஒரு புது உண்டியல். சட்டம் எதுவும் போடவில்லை.

இன்றைக்கும் கீர்த்தி காசைப் போட்டுவிட்டுச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, ஒரு ரூபா போட்டேன். வேற ஒண்ணும் போடல."

நான் கேட்பதே இல்லை. தினமும் வந்து சொல்கிறாள்.