துருத்தில் இறக்கிய நான்கு சாக்குகள்

அக்கா,

இன்று காலை உதியன்குளங்கரைக் கடையில் உலர்ந்த மரச்சீனிக் கிழங்குச் சாக்கு ஒன்றைப் பிரித்தார்கள். அந்தப் புளித்த வாசனையோடு ஒரு எலியும் வெளியே குதித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

எல்லைப் போராட்ட நாட்களில் போலீஸ் வீடு வீடாகத் தேடியது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அச்சடித்த நோட்டீஸ்களை எங்கே ஒளிப்பது என்று திண்டாடினோம். மரச்சீனிச் சாக்குக்குள் எந்தப் போலீஸ்காரன் கையை விடுவான் என்று நான்தான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தேன். நான்கு சாக்குகளை வள்ளத்தில் ஏற்றிப்போய், ஆற்றின் நடுவே இருந்த துருத்தில், அந்தச் சின்ன மணல்தீவில், தாழம்புதருக்குள் இறக்கினோம். இறக்கும்போதே இரண்டு மூன்று எலிகள் ஓடின. "இவங்களும் போராட்டத்துல சேந்தாச்சு" என்று கேலி பேசினேன். பெரிய வீரன் என்று நினைப்பு.

அதுவரை அந்தத் துருத்தில் எலி கிடையாது. அதனால்தான் ஆலாப் பறவைகள் வெறும் மணலில் பயமில்லாமல் முட்டையிட்டன. ஆட்டுக்குப் புல்லறுக்கப் போகும் நீங்கள், மிதித்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு முட்டைக் குழிக்குப் பக்கத்திலும் ஓர் ஈர்க்கில் குச்சியைக் குத்திவைப்பீர்கள். அடுத்த பருவத்தில் ஈர்க்கில்கள் நின்றன; முட்டைகள் ஓட்டையாகக் கிடந்தன.

"எலே மக்கா, எலியாக்கும் தின்னுது. ஆறு கடந்து எலி எப்பிடி வந்துது? நீ ஏதும் அங்க கொண்டு வச்சியா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அக்கா."

போலீஸ் பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில், அவரவர் குற்றத்தை வாய்விட்டுச் சொல்லும் நேரத்தில், நீங்கள் எழுந்தீர்கள். "புல்லு கட்டுறதுக்கு நான் கொண்டுபோன வைக்கோல்ல எலி இருந்திருக்கும். அந்தப் பட்சிக் குஞ்சுகள நான்தான் கொன்னேன், ஆண்டவரே" என்று அழுதீர்கள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே.

பிறகு எல்லை போட்டார்கள். நாம் கேரளத்துப் பக்கமே நின்றுவிட்டோம். நோட்டீஸ்களை யாரும் தேடவில்லை, மழையில் கூழாகிவிட்டன. பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நீங்களோ எலிப்பொறியும் கையுமாகத் துருத்துக்குப் போய்க்கொண்டே இருந்தீர்கள். முட்டுவலி வந்த பிறகும் விடவில்லை. வள்ளம் தள்ளியது நான்தான். ஆலாக்கள் திரும்பி வரவேயில்லை.

"என் தப்புக்கு நீ ஏன் மக்கா கஷ்டப்படுத?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். நான் வள்ளத்தை இன்னும் வேகமாகத் தள்ளுவேன்.

உங்கள் அடக்கத்தன்று, கூடப்பிறக்காவிட்டாலும் நான் உங்களைக் கூடப்பிறந்தவனைப்போல் பார்த்துக்கொண்டேன் என்று உங்கள் மகள் என் கையைப் பிடித்து அழுதாள். வெட்கமாக இருக்கிறது, அக்கா. என்னை நல்லவன் என்று நினைத்தபடியே போய்விட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.