கூரை தள்ளும் நேரத்தில் வந்த கனினானா

அன்பு மகள் ஜுசிலேனிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் நலம், அந்தச் சாவோ பாவுலோ குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும், ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. கொக்கோக் காய்களை எலி துளைத்துத் தள்ளுகிறது என்று போன முறை எழுதினேன், நீ எலி மருந்து அனுப்புவதாகச் சொன்னாய், அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் நேற்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று மதியம், தூண்கள்மேல் உயரமாக நிற்கும் நம் காய வைக்கும் களத்தின் தள்ளுகூரையைத் திறந்துபோட்டு நானும் அப்பாவும் வெறுங்காலால் கொக்கோக் கொட்டையை மிதித்துப் புரட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று வானம் கறுத்தது. கூரையை மூட அப்பா ஓடினார், கூரைச் சக்கரத்துப் பக்கம் காய்ந்த கொட்டைக்குள் சடசடவென்று ஒரு சத்தம். அவர் குதித்த குதியை நீ பார்த்திருக்க வேண்டும். "சுருகுகுப் பாம்புடி, கடிச்சா ஆள் காலி, கத்தியக் கொண்டா" என்று அலறினார். குனிந்து பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாக, என்னைவிட நீளமாக, கழுத்தைப் புடைத்துக்கொண்டு வாலைக் கொட்டைமேல் அடித்தபடி கிடக்கிறது. நம் பலாமரத்தில் குருவி முட்டை தேடி ஏறி இறங்குமே, அந்தக் கனினானாதான். சுருகுகு தரையை விட்டு இவ்வளவு உயரம் ஏறுமா, இதற்கு விஷமே இல்லை, வாலை ஆட்டி மிரட்டும், அவ்வளவுதான் என்றேன். "பறந்து வந்து துரத்தும்னு எங்கப்பன் சொல்லியிருக்கார், ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று கத்தியோடு நின்றார். அதன் பாதி உடம்பு சக்கரம் ஓடும் தண்டவாளத்தின்மேல் கிடந்தது. தள்ளினால் அது இரண்டு துண்டு, தள்ளாவிட்டால் இந்தப் பருவத்துக் கொக்கோ முழுக்க நனைந்து பூஞ்சை பிடித்துவிடும். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கொட்டை கிளறும் பலகையை அதன் வயிற்றுக்கடியில் விட்டுத் தூக்கினேன். பயத்தில் அது விழுங்கியிருந்ததைக் கக்கியது, கொழுத்த எலி ஒன்று, பின்னாலேயே இன்னொன்று. அப்பா கத்தியைத் தாழ்த்தி அந்த எலிகளையே பார்த்தார். அது பலகையின் பிடிவழியாக வந்து என் தோளை உரசிக் களத்தின் பக்கம் நீண்டிருக்கும் பலாக்கிளையில் ஏறிப் போனது, அப்பப்பா, என்ன குளிர்ச்சி! "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, தள்ளுங்க" என்றேன். கத்தியைப் போட்டுவிட்டுத் தள்ளினார். கூரை மூடவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது, ஒரு கொட்டைகூட நனையவில்லை.

இன்று காலை பார்க்கிறேன், அப்பா பலாமரத்தடியில் அண்ணாந்து நின்று, "நேத்து உன் சாப்பாட்டக் கெடுத்துட்டோம் தாயி, மனசுல வச்சுக்காத" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் கண்போல் காக்கட்டும். எலி மருந்தை மட்டும் அனுப்பிவிடாதே, மருந்து தின்ற எலியைக் கனினானா தின்றால் அதுவும் செத்துப்போகும். இது நான் சொல்வதல்ல, அப்பா எழுதச் சொன்னது: "நம்ம வீட்டுக்கு உழைக்கிற பொண்ணு சோத்துல யாராவது விஷம் வைப்பாங்களா?"

உன் அம்மா
வால்டெலிசி